ஒரு சொட்டு மஞ்சள்

ஒரு சொட்டு மஞ்சள் குறைகிறது.

எதிர் மேசையிலிருந்து, தடித்த கண்ணாடி போட்ட சோடாபுட்டி தூக்கிப் பிடித்த அட்டையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பெயிண்ட் கம்பெனியில் நிறம் கலப்பவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். வெளியே கட்டடங்களெல்லாம் பாதியில் நிற்கின்றன. செங்கல்லுக்கே வழியில்லாதபோது பெயிண்டை யார் கேட்கிறார்கள்? முதலில் லாரி ஓட்டுபவர்கள் போனார்கள். பிறகு கணக்குப் பிரிவு. இன்று கத்தி கலவை அறைக்கும் வந்துவிட்டது.

காலையில் மேனேஜர் ஒரு பழைய கதவிலிருந்து பெயர்த்த துண்டை நடுவில் வைத்தார். வெளிறிய பச்சை.

“ரெண்டு பேர்ல ஒருத்தரத்தான் வச்சுக்க முடியும். இந்தப் பச்சைய யார் அச்சு அசலா கொண்டு வர்றீங்களோ, அவங்க இருங்க.”

சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

நிறம் லேசுப்பட்டதல்ல. ஈரத்தில் ஒன்று சொல்லும், காய்ந்தபின் வேறொன்று சொல்லும். அட்டையில் பூசி, காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சோடாபுட்டிக்கு அதற்கு மேலும் ஒரு படி உண்டு. காய்ந்த அட்டையை அவள் பக்கம் தூக்கிக் காட்டுவார். அவள் தாடையை இடப்பக்கம் அசைத்தால் மஞ்சள் போதாது. வலப்பக்கம் என்றால் கறுப்பு. கண்ணை மூடித் திறந்தால் டப்பாவை மூடிவிடலாம்.

கொஞ்ச காலமாகவே அவர் கண்ணுக்கு மஞ்சள் பிடிபடுவதில்லை. கம்பெனியில் வேறு ஒருவருக்கும் இது தெரியாது.

இன்றும் தூக்கிவிட்டார். பழக்கதோஷம்.

அவள் தாடை தானாகவே இடப்பக்கம் போகப் பார்த்தது. பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

இளகாதே, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்று அவள் கண்ணால் அவர் ஜெயித்துவிட்டால், நாளை யார் கண்ணால் கலப்பார்? முதல் டப்பாவிலேயே குட்டு உடைந்துவிடும். அப்புறம் இந்த வேலை இரண்டு பேருக்குமே இல்லை.

அவரும் ராத்திரி தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? பாவம் பார்க்கிற நாளா இது?

குனிந்து தன் கலவையைக் கிளறினாள்.

அட்டை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

அவள் தன் கலவையை ஒரு புது அட்டையில் பூசினாள்.

மதியம் மேனேஜர் இரண்டு அட்டைகளையும் ஜன்னலோரம் கொண்டுபோய்க் கதவுத் துண்டின் பக்கத்தில் வைத்தார். அவளுடைய அட்டை எது, கதவு எது என்று பிரிக்க முடியவில்லை. அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வெளியேறினார்.

ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. அதை அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

சோடாபுட்டி தன் கரண்டிகளைக் கழுவித் துடைத்து வைத்தார். கறை படிந்த கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக அவள் மேசைக்கு வந்தார்.

அவள் நிமிரவில்லை.

“பழக்கத்துல தூக்கிட்டேன். எங்க நீ தாடைய அசைச்சிடுவியோன்னு பயந்தே போயிட்டேன்,” என்றார். “மெதுவா வேலைய முடிச்சிட்டு வா. நம்ம பாப்பாவ ஸ்கூல்லேருந்து நான் கூட்டிட்டு வந்துடறேன்.”