நார்மல் ஆகிவிட்ட தைராய்டு

ஈப்போ கிளினிக்கில் டாக்டர் தர்மினி இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துச் சிரித்தார்.

"தனேஸ்வரன், போன தடவை தைராய்டு ஹார்மோன் ரொம்ப அதிகமா இருந்துச்சு. அதான் கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, கண்ணு பிதுங்கினது எல்லாம். மருந்து வேலை செஞ்சிருக்கு. இப்ப நார்மல்."

தனேஸ்வரனின் முகம் மலர்ந்தது. அவரைக் காரில் அழைத்து வந்த ரப்பர் தோட்டக் கோயில் தலைவர் இராமசாமியின் முகம்தான் துக்க வீட்டுக்குப் போனது போல் ஆகிவிட்டது.

"டாக்டர், திருவிழா முடியிற வரைக்கும் மருந்த நிறுத்தலாமா?"

"நிறுத்துனா இதயம் கெட்டுப்போகும். எதுக்கு நிறுத்தணும்?"

"ரெண்டு வருசமா இவரு மேலதான் முனியாண்டி இறங்குவாரு. ஊரே வாக்குக் கேக்க வரும். மருந்து சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து, உறுமி கிழிய அடிச்சாலும் லைட் கம்பம் மாதிரி நிக்கிறாரு."

"அதுக்கு நான் மருந்து எழுத முடியாது லா."

"விடுங்க அண்ணே," என்றார் தனேஸ்வரன். "இப்பதான் எனக்கு நல்லா தூக்கம் வருது."

தலைவர் கோபமாக வெளியே வந்தார். அங்கே ஒல்லியான ஒருவர் கை நடுங்க, வேர்த்துக் கொட்ட, கண் பிதுங்க டாக்டருக்காகக் காத்திருந்தார்.

தலைவர் அவர் பக்கத்தில் பவ்வியமாக உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க எந்தத் தோட்டம்?"