ஒழுகும் மூலை

"இந்தக் கிழவர் இருக்கிறவரைக்கும் இந்த மூலை ஒழுகத்தான் செய்யும்!"

செசிலின் காதில் விழட்டும் என்றேதான் மேவிஸ் அப்படிச் சொன்னாள்.

அந்தக் கிறிஸ்தவக் கோயிலின் கிழக்கு மூலையில் மட்டும் கூரையோரத்து மழைக் குழாய் கிடையாது; எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டது என்பார்கள். தண்ணீர் நேரே மண்ணில் கொட்டும். சுவர் பாசி பிடித்து வெடித்துவிட்டது. சபைச் செயலாளர் மேவிஸ் எத்தனையோ தடவை ஆள் அனுப்பிவிட்டாள். கோயிலைக் கவனித்துக்கொள்ளும் செசில் ஏதாவது சாக்குச் சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார். வீம்பு பிடித்த மனுஷன் என்று ஊரே பேசி அலுத்துவிட்டது.

இந்த முறை அவர் பாச்சா பலிக்கவில்லை. புதுக் குழாய்க்கும் வடிகாலுக்கும் சபை தீர்மானம் போட்டுவிட்டது. எதிர்த்துக் கை தூக்கியது அவர் ஒருவர்தான்.

பழைய கோயில் என்பதால், வடிகால் வெட்டுமுன் தொல்லியல்காரர்கள் தோண்டிப் பார்க்க வேண்டும். ஃபிரேயா நான்கு நாளாகத் தோண்டுகிறாள்.

"மேவிஸ், இங்க கொஞ்சம் வாங்களேன்."

சுவரை ஒட்டி வரிசையாகச் சின்னஞ்சிறு எலும்புகள். ஐந்து குழந்தைகள்.

"ஐயோ! யாரு பெத்த பிள்ளைங்க?"

"ஆங்கிலோ-சாக்சன் காலம். ஆயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும். ஞானஸ்நானம் ஆகறதுக்குள்ள செத்துப்போன பிள்ளைங்களா இருக்கலாம்."

"அதுக்கு ஏன் சுவரை ஒட்டிப் புதைக்கணும்?"

"கோயில் கூரைமேல விழுந்து வர்ற தண்ணி தீர்த்தம்தானேன்னு நினைச்சிருப்பாங்க. பாதிரியார் தெளிக்காட்டி என்ன, மழை தெளிக்கட்டுமேன்னு."

மேவிஸ் குழியோரம் குனிந்து பார்த்தாள். பெற்றவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! திரும்பிப் பார்த்தாள். செசில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தூறலில் நின்றிருந்தார்.

ஃபிரேயா கொத்துக்கரண்டியோடு அந்த மூலைப் பக்கம் நகர்ந்தாள். செசில் விறுவிறுவென்று வந்து குறுக்கே நின்றார்.

"இங்க மட்டும் வேண்டாம்மா."

மேவிஸுக்குப் பழைய எரிச்சல் திரும்பி வந்தது. "ஏன், புதையல் கிதையல் ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"ஆமா."

செசில் சுவரோரத்து ஈர மண்ணைக் காட்டினார்.

"எனக்கும் டோரீனுக்கும் பிறந்த ஒரே பொண்ணு. மூச்சே விடல. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு இடம் கிடையாதுன்னு அப்போ இருந்த பாதிரியார் கதவைச் சாத்திட்டார். யாருக்கும் தெரியாம நானே கொண்டாந்து வச்சேன். ஐம்பத்தெட்டு வருஷமாச்சு."

செசில் கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் குழாய் தானா விழல, மேவிஸ். நான்தான் கழட்டினேன்."