இரண்டு கதிர் எதுக்கு?

மைனா ஒன்று பெருச்சாளியிடம் கம்பங்கதிர் கடன் வாங்கி, அதைக் கொடுத்து மரங்கொத்தியிடம் ஒரு பொந்தை வாங்கியது. கடன் தீரும்வரை பொந்து பெருச்சாளியிடம் அடமானத்தில் இருந்தது. பௌர்ணமிதோறும் பத்துக் கதிர் கட்ட வேண்டும். குஞ்சுகள் பொரித்த பிறகு மொத்தமாகக் கட்டுவது சிரமமாகிவிட்டது.

"பெருச்சாளியண்ணே, கொஞ்சம் கொஞ்சமா தரட்டுமா?"

"தாராளமா."

மறுநாள் மைனா ஒரு கதிரோடு போனபோது பெருச்சாளி, "இன்னும் ரெண்டு கதிர் வை" என்றது.

"எதுக்கு?"

"முறைய மாத்துனியே, அதுக்கு."

"மொத்தக் கடன் அதேதானே?"

"அதேதான்."

"அப்போ பழையபடியே கட்டிடறேன்."

"அதுவும் மாத்தம்தான். நாலு கதிர் ஆகும்."

மைனாவுக்குத் தலை சுற்றியது. கொடுக்காவிட்டால் பொந்து போய்விடுமோ? அதே பெருச்சாளியிடம் கடன் வாங்கியிருந்த அணிலிடம் ஓடியது.

"முறைய மாத்துனதுக்குன்னு நீயும் ரெண்டு கதிர் குடுத்தியா?"

"குடுத்தேனே."

"எதுக்குன்னு கேட்டியா?"

அணில் விழித்தது. "கேக்கலாமா?"

இரண்டும் பெருச்சாளியின் வளை வாசலுக்குப் போய், ஒன்றாகக் கேட்டன. பெருச்சாளி மீசையைத் தடவியது.

"தெரியலையே. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

மைனா தன் ஒரு கதிரை மட்டும் வைத்துவிட்டுப் பறந்தது. அணில் தான் கொடுத்த இரண்டு கதிரையும் திருப்பிக் கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.