மூன்றாம் அடைப்பு

வாளியின் கைப்பிடி 'கிணுக்' என்றால் போதும், தாயைப் பிரிந்த முப்பது பன்றிக்குட்டிகளும் ஒரே குரலில் வீறிடும். எத்தனையோ நாளாகியும் கால்நடை டாக்டரின் காதை விட்டு அந்தச் சத்தம் போகவில்லை.

பண்ணையில் மூன்று அடைப்புகள், ஒவ்வொன்றிலும் பத்துக் குட்டிகள். முதல் அடைப்புக்கு வழக்கம்போல ஆன்டிபயாடிக் கலந்த தீவனம். இரண்டாவதுக்கு, அந்த மருந்துக்குப் பதிலாக டாக்டர் தயாரித்த மூலிகைப் பொடி கலந்தது. மூன்றாவதுக்கு வெறும் தீவனம்.

"மூணாவதுக்கு ஒண்ணுமே கிடையாதா டாக்டரம்மா?" தீவனம் போடும் பெண் முதல் நாளே கேட்டாள். எல்லோருக்கும் அவள் வாளியக்கா.

"கிடையாதுக்கா. அப்பதானே பொடி வேலை செய்யுதான்னு தெரியும்."

"அதுங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"இப்படித் தினமும் குட்டிங்களுக்கு மருந்தைக் கொட்டினா, கிருமி அதுக்குப் பழகிடும். அப்புறம் மனுஷனுக்கு நோய் வந்தா எந்த மருந்தும் கேட்காது. எங்கப்பா அப்படித்தான் போனார். கால்ல சின்னப் புண்ணு, அவ்வளவுதான்."

வாளியக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் அடைப்புக்குப் போனாள்.

நாற்பதாம் நாள் எடை போட்டார்கள். முதல் அடைப்புக் குட்டிகள் கொஞ்சம் கூடுதல். இரண்டாவதும் மூன்றாவதும் அச்சாக ஒரே எடை.

"உங்க பொடியைப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்," முதலாளி சிரித்தார். "பழைய மருந்தே போதும்மா. இந்த விளையாட்டுக்கெல்லாம் இனிமே இடம் தர முடியாது."

மீதிப் பொடியை மூட்டை கட்டப் போனார் டாக்டர். பாதி டிரம்மாவது மீந்திருக்க வேண்டும். அடி தெரிந்தது.

"பொடியை எடுத்தியா?" வாளியக்காவிடம் கேட்டார். 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

"எடுத்தேன் டாக்டரம்மா."

"நானே தோத்துப்போய் நிக்கிறேன். இதுல நீ வேற திருடியிருக்கே! என் கண்ணு முன்னாடி நிக்காதே."

ஒரு வருடம் கழித்து, வாளியக்கா டாக்டரின் அலுவலகத்துக்கு வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"பெரிய பண்ணையில ஆள் எடுக்கிறாங்க. திருடின்னு பேரு இருக்கே, கேட்டுக்குள்ளயே விட மாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு லெட்டர் கொடுத்தா..."

"எப்படிக் கொடுக்கிறது? எடுத்தேன்னு நீதானே சொன்னே?"

"எடுத்தியான்னுதான் கேட்டீங்க. யாருக்குன்னு கேட்கலையே."

"யாருக்கு?"

"மூணாவது அடைப்புக்குத்தான். கழிஞ்சு கழிஞ்சு கால் மடங்கி விழுந்துச்சுங்க. வாளியைப் பார்த்தா அப்படியும் எழுந்து வரும். மனசு கேட்கலை. நாலாம் நாள்லேர்ந்து அதுங்களுக்கும் பொடி போட்டேன். ரெண்டே நாள், கழிச்சல் நின்னு போச்சு!" சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. "அவ்வளவு நல்ல பொடியை ஏன் டாக்டரம்மா விட்டுட்டீங்க?"

இரண்டாவதும் மூன்றாவதும் ஏன் ஒரே எடை என்று டாக்டருக்கு அப்போதுதான் விளங்கியது. 'உன்னாலதான் தோத்தேன்' என்று வாய் வரை வந்தது. அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

"மூலிகை கிடைக்கலைக்கா."

'மிகவும் நேர்மையானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தால் வாளியக்காவுக்குப் பெரிய பண்ணையில் வேலை கிடைத்தது. காலையும் மாலையும் குட்டிகளின் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கும் வேலை.