எட்டு கிலோ பக்கோடா

புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை. மண்ணூர்பேட்டை மார்க்கெட்டில் மணவாளன் அரைக் கிலோ சங்கரா மீன் வாங்கியதைக் கஜபதி தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டார்.

மணவாளன் என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. கொரட்டூரில் அவர்கள் குடியிருக்கும் ஃபிளாட்ஸுக்குச் செயலாளர். நெற்றியில் பளிச்சென்று நாமம். புரட்டாசி பிறந்த அன்றே வாட்ஸ்அப் குரூப்பில் உத்தரவு போட்டவர். 'இம்மாதம் முழுவதும் அசைவம் சமைப்போர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கவும்.'

புரட்டாசியில் மீன் மலிவு என்பதற்காகவே அந்த மாதத்துக்குக் காத்திருக்கிறவர் கஜபதி. மூன்று வாரமாகச் சாத்திய ஜன்னலுக்குள் வியர்த்து வழிந்து மீன் வறுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயிறு எரியாதா?

மணவாளனுக்குப் பின்னாலேயே வந்தவர், நேராக இரண்டாவது மாடி ஏறி கார்த்திகா வீட்டுக் கதவைத் தட்டினார்.

கதவு திறந்ததும் அவர் காலுக்கு நடுவே புகுந்து ஒரு செம்பட்டைப் பூனை வெளியே ஓடியது.

கார்த்திகாவும் அவள் கணவன் கௌதமும் வேலை மாறி ஜெர்மனிக்குப் போகிறார்கள். மிக்சர், பக்கோடா என்ற இரண்டு பூனைகளும் கூடவே பறக்கின்றன. ஓடியது பக்கோடா. இரண்டுக்கும் சிப் வைத்து, ரேபிஸ் ஊசி போட்டு, ரத்தத்தை வெளிநாட்டு லேபுக்கு அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து எல்லாப் பேப்பரும் வாங்கியாகிவிட்டது. விமானத்துக்கு இன்னும் பத்தே நாள்.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார் கஜபதி.

கார்த்திகா கையில் பெட்டி எடை பார்க்கும் தராசு இருந்தது.

"பக்கோடாதான் அங்கிள். பையோட சேர்த்து எட்டு கிலோ வரைக்கும்தான் மடியில வெச்சுக்க விடுவாங்க. இப்பவே ஏழு கிலோ எண்ணூறு."

"சோத்தக் கொறைக்க வேண்டியதுதானே."

"அளந்துதான் அங்கிள் போடறேன். மிக்சர் இளைச்சுட்டா. இவன் மட்டும் மூணு வாரமா ஏறிக்கிட்டே போறான். எட்டைத் தாண்டினா கார்கோவுல போடணும். இருட்டுல, அந்தச் சத்தத்துல பயந்தே செத்துடுவான். அதுக்கு யார்கிட்டயாவது விட்டுட்டுப் போயிடலாம்னு கௌதம் சொல்றான்."

நாலு வருஷம் முன்னால் அவள் மழைநீர்க் கால்வாயிலிருந்து எடுத்து, பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்து வளர்த்த பிள்ளை அவன்.

"இதுல உங்க செக்ரட்டரி வேற. தினமும் படியில நிறுத்தி, எப்ப ஃபிளைட்டு, இன்னைக்கு எடை என்னன்னு கேக்குறாரு. எப்படா ஒழிவோம்னு இருக்கு அவருக்கு."

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. போன வருஷம் தன் வீட்டுக் கால்மிதியில் பக்கோடா ஒண்ணுக்குப் போய்விட்டான் என்பதற்காக, 'பூனைகளை உடனே அப்புறப்படுத்தவும்' என்று லிஃப்ட் கதவில் நோட்டீஸ் ஒட்டிய புண்ணியவான் மணவாளன்.

கஜபதிக்கு இதுதான் சமயம் என்று பட்டது.

"அந்தாளு கதையைச் சொல்லத்தாம்மா வந்தேன். நாமத்தப் போட்டுகினு மீன் வாங்கியாந்துகீறாரு. பை ஊட்டுக்குள்ள போவல. நேரா மொட்ட மாடிக்குப் போயிடுச்சி. பொண்டாட்டிக்குத் தெரியாம துன்றாரு. போன எடுத்துகினு வா. போட்டோ புடிச்சி குரூப்ல போட்டாத்தான் என் வயிறு ஆறும்."

வேறு நேரமாக இருந்தால் கார்த்திகா போயிருக்க மாட்டாள். அந்த நோட்டீஸ் இன்னும் அவள் மனசை உறுத்திக்கொண்டிருந்தது. போனை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மொட்டை மாடியில் மோட்டார் ரூம் கதவு ஒருக்களித்திருந்தது. அதன் சாவி செயலாளரிடம் மட்டும்தான் இருக்கும். உள்ளே பிளக்கில் சொருகிய கெட்டில் ஒன்று கொதித்து அடங்கியிருந்தது. அவித்த மீன் வாசனை ஆளைத் தூக்கியது.

"சொன்னேன்ல," என்று கிசுகிசுத்தார் கஜபதி.

கார்த்திகா போனை நீட்டியபடி எட்டிப் பார்த்தாள்.

மணவாளன் தலைகீழாகக் கவிழ்த்த பெயின்ட் வாளி மேல் உட்கார்ந்திருந்தார். நாற்றம் தாங்காமல் மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை கட்டியிருந்தார். விரலால் மீனைப் பிட்டு, ஒவ்வொரு முள்ளாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சலவை வேட்டி மடியில் ஜம்பமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான் பக்கோடா.

"மெதுவாடா ராஜா. முள்ளு இருக்கும்."

கஜபதிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "துன்றது இவுரு இல்லியா?" என்றார்.

மணவாளன் நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மூணு வாரமா நீங்கதானா அங்கிள்?" கார்த்திகாவுக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. "நான் பட்டினி போடாத குறையா இவனை இளைக்க வெக்கிறேன். எட்டு கிலோவைத் தாண்டினா இவனை இங்கேயே விட்டுட்டுத்தான் நாங்க போகணும். அது உங்களுக்குத் தெரியாதா?"

மணவாளன் மூக்கில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்தார். மடியில் இருந்தவனை மட்டும் இறக்கிவிடவில்லை.

"தெரியும்மா," என்றார். "இன்னும் இருநூறு கிராம்தான் பாக்கி."