செம்புத் திருடன்

மகளின் மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏற்றும் கேபிளை விடிவதற்குள் யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் போட்ட கூச்சலில் நாலு தெரு தள்ளிக்கூட ஒருவரும் தூங்கியிருக்க முடியாது.

"எல்லாம் செம்புக்காகத்தாம்மா," என்றேன் மகளிடம்.

"நம்ம செம்பு அடுப்படியிலதானே இருக்கு?" என்றாள் மனைவி.

"அந்தச் செம்பு இல்லடி, கம்பி. இந்தக் கார்ல மோட்டார், பேட்டரி, ஒயர்னு உடம்பு பூரா செம்பு. பெட்ரோல் காரைவிட மூணு மடங்கு. திருடன் காரையே கடிச்சுத் தின்னாம விட்டானேன்னு சந்தோஷப்படு."

மகள் சிரிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து வந்தவள், இரண்டே நாள் தங்கிவிட்டு இன்று கிளம்ப இருந்தாள்.

"பேட்டரி தெருமுனை வரைக்கும்கூடத் தாங்காதுப்பா. புது கேபிள் வர மூணு நாளாகுமாம்."

"அடடா," என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

சுவரில் தொங்கிய மிச்சக் கேபிளை அவள் குனிந்து பார்த்தாள்.

"ரொம்ப நல்ல திருடன்பா. மெயினை அணைச்சுட்டு அறுத்திருக்கான். யாருக்கும் ஷாக் அடிக்கக் கூடாதுன்னு, அறுத்த முனைக்கு டேப் வேற சுத்தியிருக்கான்."

முப்பத்தைந்து வருடம் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்த கை, அறுத்ததை அப்படியே விட்டுவிட்டு வருமா? சட்டைப் பையில் டேப் உருளை பாறாங்கல்லாய்க் கனத்தது.

"போலீசுல சொல்லிடலாமா?" என்றாள் மனைவி.

"வேணாம்மா," என்றாள் மகள், என்னைப் பார்க்காமல். "வாயைத் திறந்து கேட்டிருந்தா, மூணு நாளையும் நானே குடுத்திருப்பேன்."