ஊர் நம்பிய மூக்கு

கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, நிதானமாக மூச்சை இழுத்தார் ஆர்கிரிஸ். "பிளம் பழம். கிராம்பு. அடியில கொஞ்சம் ஈரத்தோல் வாசம்" என்றார்.

"அண்ணே, அந்த மூக்கைக் கழட்டி எனக்குக் குடுத்துடுங்க. தங்கத்துல பெட்டி செஞ்சு வெச்சுக்கறேன்" என்று சிரித்தார் ஒயின் வியாபாரி யோர்தானிஸ்.

ஆர்கிரிஸும் சிரித்தார். ஆனால் அவருக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. பிளம் பழமும் கிராம்பும் போன குளிர்காலத்து ஞாபகம்.

இலையுதிர் காலத்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் படுக்கையில் தள்ளிய காய்ச்சல், போகும்போது அவருடைய மூக்கையும் நாக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருந்தது. வாயில் எதைப் போட்டாலும் வெந்நீர்தான். "திரும்பி வரும், வராமலும் போகலாம்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. கிரேக்க நாட்டு நாவுசா மலையில் பனி விழ ஆரம்பித்தால், எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று ஊரே அவர் உணவு விடுதிக்கு வந்துதான் கேட்கும். மனைவி எவாந்தியாவிடமாவது சொல்லிவிடலாம் என்று பலமுறை வாய் வரைக்கும் வந்தது.

ஆனால் கல்யாணமான நாளிலிருந்து, அவர் ருசி பார்த்துத் தலையாட்டாமல் அவள் ஒரு தட்டைக்கூட வெளியே அனுப்பியதில்லை. காய்ச்சலுக்கு அப்புறம் ஆட்டியதெல்லாம் பொய்த்தலை என்று அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அன்று சாயங்காலம் குளிர்கால விருந்தின் தொடக்கம். அதற்குள் ஒயின்களை முடிவு செய்தாக வேண்டும்.

"உப்புமீனும் பூண்டு மசியலும் இருக்கே, அதுக்கு என்ன அண்ணே?" என்று கேட்டார் யோர்தானிஸ்.

"தீவுலேருந்து கொண்டாந்தியே, அந்த வெள்ளை. குளிர்னா சிவப்புதான்னு அடம்பிடிக்கறவன், ஒருவாட்டி பூண்டோட சிவப்பைக் குடிச்சுப் பார்த்துட்டு வந்து பேசட்டும்."

"காட்டுப்பன்றிக் குழம்புக்கு?"

"நம்ம ஊர்ச் சிவப்பு, க்ஸினோமாவ்ரோதான். கறியில கொழுப்பு ஜாஸ்தி. அதை வெட்டற புளிப்பு இந்தத் திராட்சைக்குத்தான் உண்டு. கடைசியா வால்நட் கேக்குக்கு சாமோஸ் தீவு இனிப்பு ஒயின் வெச்சுக்கலாம்."

சொன்னதில் ஒன்றும் பிசகில்லை. ஆனால் ஒவ்வொரு புட்டியைத் திறக்கும்போதும் அவர் யோர்தானிஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒயின் கெட்டுப்போயிருந்தால் அந்த முகம் காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பிழைப்பு அவருக்கே அருவருப்பாக இருந்தது.

சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள் எவாந்தியா. "யோவ் ஆர்கிரி, அளந்தது போதும். பன்றிக்குழம்புல உப்பு பாரு."

வாயில் விட்டுக்கொண்டார். வெந்நீர். தினமும் 'சரி' என்றே சொன்னால் சந்தேகம் வந்துவிடுமே என்று, "இன்னும் கொஞ்சம் போடலாம்" என்றார்.

அவள் மறுபேச்சில்லாமல் உள்ளே போய் ஒரு கை அள்ளிப் போட்டாள். கிளறியதும் மறுபடி வந்து நேரே அவர் வாய்க்கே கரண்டியை நீட்டினாள். "இப்போ?"

"இன்னும் லேசா..." என்றார் ஆர்கிரிஸ். அவர் கண் யோர்தானிஸ் திறந்துகொண்டிருந்த அடுத்த புட்டியில் இருந்தது.

சாயங்காலம் விடுதி நிறைந்துவிட்டது. உப்புமீனோடு வந்த வெள்ளை ஒயினுக்கு ஏகப்பட்ட பாராட்டு. அடுத்து ஆவி பறக்கக் காட்டுப்பன்றி வந்தது.

முதல் வாய் வைத்த மருந்துக்கடைக்காரர் தெமோஸ் இருமினார். கோப்பையிலிருந்த ஒயினை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். "எவாந்தியாக்கா, ஏஜியன் கடலையே சட்டியில கவுத்துட்டியா?"

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. மேசைக்கு மேசை முள்கரண்டிகள் கீழே இறங்கின.

"மன்னிச்சுக்கங்க. எங்கேயோ கை தவறிடுச்சு. வேற கொண்டாரேன்" என்று சொல்லி, சிவந்த முகத்தோடு தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள் எவாந்தியா. 'இவர்தான் போடச் சொன்னார்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதுதான் ஆர்கிரிஸை அறுத்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கையிலிருந்த புட்டியை வைத்துவிட்டு அவள் பின்னாலேயே சமையலறைக்குள் போனார்.

அவள் முதுகைக் காட்டியபடி தட்டுகளைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"எவாந்தியா, தப்பு உன்னுது இல்ல. என்னுது."

"விடு. நடந்தது நடந்துபோச்சு."

"இல்ல, கேளு. அந்தக் காய்ச்சல்லேருந்து எனக்கு வாசனையும் தெரியல, ருசியும் தெரியல. ஒயினைப் பத்தி நான் பேசறதெல்லாம் பழைய ஞாபகம். நீ நீட்டின கரண்டியில உப்பு இருந்துதா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது. இத்தனை நாளா உன்னை ஏமாத்திட்டேன். இன்னிக்கு ஊர் முன்னால தலைகுனியவும் வெச்சுட்டேன்."

எவாந்தியாவின் கை அப்படியே நின்றது. மெல்லத் திரும்பினாள். கையில் அகப்பை இருந்தது. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் அவர் நின்றார்.

அவள் அடிக்கவில்லை. அவரையே வெறித்துப் பார்த்தாள். அகப்பையோடு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அடப்பாவி மனுஷா, எனக்கும் ருசி தெரியாமத்தானேய்யா உன்னைக் கேட்டுக் கேட்டு உப்பு போட்டுக்கிட்டிருந்தேன்!"